சிவப்புத் துணி கட்டிய கேன்

எங்கள் பண்ணை வீட்டில் சிவப்புத் துணிக்கு ஒரு சட்டம் உண்டு. பழைய படுக்கை விரிப்பு ஒன்றை முழ நீளத் துண்டுகளாகக் கிழித்து அடுப்படி ஆணியில் தொங்கவிட்டிருப்போம். எதிலாவது அந்தத் துணி கட்டியிருந்தால் யாரும் அதைத் தொடக் கூடாது. ஷாக் அடிக்கிற மோட்டார் சுவிட்சு, கொத்துகிற வான்கோழியின் கூண்டு, அடி உளுத்த ஏணி, எதுவானாலும் சரி. ஏன், எதற்கு என்று கேள்வியும் கிடையாது. யார் கட்டினாரோ அவர்தான் அவிழ்க்க வேண்டும். இது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். அவர் முன்பு ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். வேலையை விட்டாலும் புத்தி போகவில்லை என்று நான் கேலி செய்வேன். ஆனாலும் ஆளுக்கொரு மூலையில் வேலை பார்க்கிற இரண்டு பேர் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்க முடியுமா? அந்தத் துணியை நம்பித்தான் ஐந்து வருஷமாக ஒரு விரல்கூட நசுங்காமல் பொழுதை ஓட்டினோம்.

அந்த வருஷம் ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் மூச்சு விட நேரமில்லை. பதினோரு பெட்டை ஆடுகள், அதில் எட்டு சினை. நாற்பது கோழிகள். காய்கறிப் பாத்திகளில் களை ஒரு பக்கம் மண்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். டவுனிலிருந்து ஐம்பது அறுபது பேர் வருவார்கள். ஆட்டைத் தடவிக் கொடுப்பார்கள், முட்டை பொறுக்குவார்கள், மரத்தடியில் நீள மேசை போட்டு ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நான் வெண்ணெய் கடைவதை ஆளாளுக்குப் போட்டோ எடுப்பார்கள். "உங்களைப் பாத்தா பொறாமையா இருக்குங்க" என்பார்கள். புழுக்கை அள்ளக் கூப்பிட்டால் ஒருத்தர் எட்டிப் பார்க்க மாட்டார், அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பொறாமை எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், அதற்காகவே நான் அந்த ஞாயிறுகளுக்குக் காத்திருப்பேன்.

இந்த அமளிக்கு நடுவில்தான் என் தங்கையைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். நாங்கள் எல்லாரும் அவளைச் சின்னு என்போம். மூன்று முறை வயிற்றில் தரித்து மூன்று முறையும் தங்காமல் போனவள். இது நாலாவது, ஐந்தாம் மாதம். ஐந்தாம் மாதத்தைத் தொட்டது இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, போனால் வர எட்டு மாதம் ஆகும். "எங்கிட்ட விடுங்க மாப்பிள்ளை, நல்ல காத்து, நல்ல பால், நான் பாத்துக்கறேன்" என்று போனில் மார்தட்டியது நான்தான்.

வந்த இரண்டாம் நாளே அவள் எங்கள் சட்டத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாள். பிஸ்கட் டப்பாவுக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்தாள். டீ குடிக்க வந்த என் வீட்டுக்காரர் டப்பாவைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன சின்னு, பிஸ்கட்டுக்கு என்ன ஆச்சு?"

"கேள்வி கேக்கக் கூடாது மாமா. கட்டினவங்கதான் அவுக்கணும்."

மனுஷர் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் போனார். நான் அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரித்துக்கொண்டே திடீரென்று நின்று, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு சின்ன இடி. "தெரியுதா? இப்ப இப்ப?" என்று கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "கழுதை, பால் குடிச்சாத்தான் இன்னும் நல்லா உதைக்கும்" என்று திட்டிச் சமாளித்தேன். அன்றிலிருந்து காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். குடிக்காவிட்டால் நான் போடுகிற சத்தத்தில் கோழி முட்டை இடாது.

கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலையில், ஒற்றைக்கொம்பி ஆடு மாதம் நிறையாமலே குட்டியைப் போட்டது. முடிகூட முளைக்காத குட்டி. வியாழக்கிழமை இன்னொன்று அதேபோல. என் வீட்டுக்காரர் முகம் செத்துப் போய்விட்டது. கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தார். அந்த அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியாது. வந்தார், கையுறை மாட்டினார், பதினோரு ஆட்டிடமும் ரத்தம் எடுத்தார், பிறகு வாயில் நுழையாத ஒரு வியாதியின் பெயரைச் சொன்னார்.

"அதுதானான்னு ரிசல்ட் வந்தாத்தான் சொல்ல முடியும். எட்டுப் பத்து நாள் ஆகும். அது வரைக்கும் அதுதான்னே வச்சுக்கோங்க. இது மனுஷங்களுக்கும் வரும். செத்த குட்டி, நஞ்சுக்கொடி எல்லாத்தையும் சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைங்க. பாலை நல்லாக் கொதிக்க வைக்காம ஒரு சொட்டு வாயில வைக்காதீங்க." வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த சின்னுவைப் பார்த்தார். "இவங்க மாசமா இருக்காங்களா? கொட்டகைப் பக்கமே விடாதீங்க. ஆட்டுக்கு என்ன ஆச்சோ அதேதான் இவங்களுக்கும் ஆகும்."

அதற்கு மேல் யாரும் பச்சையாகச் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் அன்றைக்கே மூன்று பால் கேன்களின் கழுத்திலும் சிவப்புத் துணி கட்டினார். கறந்த பால் கேனுக்குப் போகும், அவர் அதைப் பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்து, கேனையும் வெந்நீரில் கழுவி, பாலைத் திரும்ப ஊற்றி, அதன் பிறகுதான் துணியை அவிழ்ப்பார். சின்னுவிடம் உட்கார வைத்துச் சொன்னார். "துணி இருந்தா பச்சைப் பால். துணி இல்லன்னா கொதிச்சது. ஞாபகம் வச்சுக்கோ." அவள் தலையாட்டினாள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், அவளுக்கு ஒரு முறை சொன்னால் போதாதா?

சனிக்கிழமை எங்களுக்குள் வாக்குவாதம்.

"நாளைக்குக் கூட்டம் வேணாம்னு சொல்லிடலாமா?" என்றார் அவர்.

"அறுபது பேருக்கு மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன். இப்ப போய் வேணாம்னா என்ன நினைப்பாங்க? வியாதி பிடிச்ச பண்ணைன்னு பேர் வந்தா அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது."

"கொட்டகையைப் பூட்டிடறேன். பால் யாருக்கும் கிடையாது."

"சரி, பால் கிடையாது. ஆனா வர்றவங்ககிட்ட வியாதி கியாதின்னு வாயைத் திறக்காதீங்க."

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னே போகும், புத்தி பின்னால் வரும். அவருக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கொட்டகைப் பூட்டைத் தேடிப் போய்விட்டார்.

ஞாயிறு காலை வழக்கம்போல ஜேஜே என்று கூட்டம். கொட்டகைக்குப் பூட்டு, "ஆடுங்க குட்டி போடற நேரம், தொந்தரவு பண்ணக் கூடாது" என்று ஒரு காரணம். காலையில் கறந்த பால் கேன் ஒன்று அடுப்படி வாசலில் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்றது. அது மகாராணியின் பால். மகாராணி எங்கள் மந்தையிலேயே கொழுத்த ஆடு, மூன்று வாரம் முன்பு இரட்டைக் குட்டி போட்டு ஜம்மென்று நின்றிருந்தாள். பெரிய பாத்திரத்தில் அறுபது பேருக்குச் சூப் கொதித்துக்கொண்டிருந்ததால் பால் காத்திருந்தது. அவ்வளவுதான் காரணம், ஒரு பாத்திரம்.

பல் டாக்டர் வந்தார். எங்கள் கூட்டத்துக்கு வெள்ளைச் செருப்புப் போட்டுக்கொண்டு வருகிற ஒரே அம்மாள். கூடவே நாலு பேர். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, கேனுக்குக் கட்டுப் போட்டிருக்கு? ஆட்டுக்கு ஏதாவது நோவா?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க. எந்த கேன்னு தெரிய ஒரு அடையாளம்" என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். சொன்னது நிஜம் என்று காட்ட வேண்டும் போல இருந்தது. குனிந்து முடிச்சைப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் போடுகிற முடிச்சு, நனைந்து இறுகிக் கிடந்தது. பல் டாக்டர் எதிரிலேயே பல்லால் கடித்து அவிழ்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். துணியை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டேன். கூட்டத்தன்றைக்கு மட்டும் கட்டுகிற பூ வேலை செய்த ஏப்ரன் அது. இவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மறுபடி கட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அதற்குள் யாரோ கோழிக்கூண்டைத் திறந்து விட்டுவிட்டதாகக் கூச்சல். ஓடினேன். நாற்பது கோழியையும் பாத்திகளிலிருந்து விரட்டி அடைத்தேன். அப்படியே ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்தேன். மேசைக்குத் தட்டு போதவில்லை என்றார்கள், தட்டு எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் இருக்கும். அடுப்படிக்குத் திரும்பினபோது சின்னு வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் காலி டம்ளர். மேலுதட்டில் வெள்ளைக் கோடு. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பால் குடிச்சிட்டேன் அக்கா. இன்னிக்கு நீ திட்டறதுக்கு முன்னாடியே."

நான் கேனைப் பார்த்தேன். வெறும் கழுத்து.

"என்ன அக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'அடி பாவி, அது பச்சைப் பால், வா ஆஸ்பத்திரிக்கு' என்று கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும். மரத்தடியில் அறுபது பேர், பல் டாக்டர், சூப், ரொட்டி, என் பெயர், என் பண்ணை. "ஒண்ணுமில்ல. வெயில்ல நிக்காதே, உள்ளே போய்ப் படு" என்றேன். மீதிப் பாலைச் சாக்கடையில் ஊற்றினேன், கேன் கவிழ்ந்துவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மகாராணி நன்றாகத்தானே இருக்கிறாள், ஒரு டம்ளர்தானே, டாக்டர்கள் எல்லாவற்றையும் கூட்டித்தானே சொல்வார்கள் என்று எனக்கு நானே ஓதிக்கொண்டேன். அன்றைக்கு எல்லாரும் கைதட்டி விடைபெற்றுப் போனார்கள்.

அடுத்த நாட்களில் நான் அவளைக் கழுகு மாதிரிப் பார்த்தேன். சாப்பிட்டாள், தூங்கினாள், நாட்காட்டியில் வாரம் எண்ணினாள். ஒவ்வொரு நாளும் 'இன்னிக்கும் ஒண்ணும் ஆகல' என்று மனசிலிருந்து ஒரு கல் இறங்கும், அடுத்த நிமிஷம் மறுபடி ஏறும். ஆறாம் நாள் ரிசல்ட் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு என் வீட்டுக்காரரும் நானும் கேட்டோம். பதினொன்றில் ஏழு ஆட்டுக்கு அந்த வியாதி. நம்பரைப் படித்தார் டாக்டரம்மா. ஏழாவதாக மகாராணியின் நம்பர்.

"அது நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"பாக்க நல்லாத்தான் இருக்கும். பால்ல வியாதி வரும். வீட்டுல யாராவது பச்சைப் பால் குடிச்சீங்களா? அந்த மாசமா இருக்கிற பொண்ணு? குடிச்சிருந்தா சொல்லுங்க, உடனே மாத்திரை ஆரம்பிச்சாகணும்."

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "இல்ல டாக்டர். எல்லா கேனுக்கும் துணி கட்டியிருந்தேன். என்னைக் கேக்காம யாரும் தொட மாட்டாங்க."

"நிச்சயமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். போனில் தலையசைப்புத் தெரியாது என்பதால் அவரே வாயைத் திறந்து "நிச்சயமா" என்றார். அந்த மனுஷரின் வாயால் என் பொய்யைச் சொல்ல வைத்தேன்.

பதினாறாம் நாள் சாயங்காலம் சின்னுவுக்குக் காய்ச்சல். உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. இடுப்பு வலிக்கிறது என்றாள். வெயிலில் உட்கார்ந்திருப்பாள் என்றேன். காலையில் காய்ச்சல் இல்லை, எனக்கு உயிர் வந்தது. சாயங்காலம் மறுபடி. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் என்னைக் கேட்கவே இல்லை, காரை எடுத்து வாசலில் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், கண்ணாடி போட்ட அந்தச் சின்ன வயசு டாக்டரைத் தனியாக மடக்கி நிறுத்தினேன். எங்கள் ஆடுகளுக்கு இன்ன வியாதி, இவள் பச்சைப் பால் ஒரு டம்ளர் குடித்திருக்கிறாள் என்றேன்.

"எப்போ?"

"பதினெட்டு நாள் ஆச்சு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டார். "வியாதின்னு தெரிஞ்சு எத்தனை நாள் ஆச்சு?"

என் பதிலுக்கு நிற்காமல் அவர் கிட்டத்தட்ட ஓடினார். ஊசி, மாத்திரை, டிரிப், எல்லாம் போட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினாள். சின்னு கேட்டு வாங்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒற்றைக்கொம்பி போட்டதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், வேறென்ன சொல்ல.

டாக்டர் வியாதியைப் பற்றி அவளிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை ஒரு டம்ளர் குடிச்சேன் அக்கா. தொட்டியில இருந்த கேன்ல. ஆனா துணி இல்லையே. நல்லாப் பாத்தேன். தண்ணில கழண்டு விழுந்திருக்கும் போல. நான்தான் மாமாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். என் தப்புதான்."

"விடு, பேசாதே" என்றேன். அவள் கையை விடவில்லை. அவள் தூங்குகிற வரை அப்படியே நின்றேன்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஆடுகளைக் கொண்டுபோக வண்டி வந்தது. ஏழு மட்டும் இல்லை, பதினொன்றும் போக வேண்டும் என்றார்கள். மற்றவை முரண்டு பிடித்தன, மகாராணி மட்டும் தானே பலகையில் ஏறிப் போய் நின்றாள். கூட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டுக்காரர் விஷயத்தை உடைத்து எழுதினார். நாற்பத்திரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள். பல் டாக்டர் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: 'அன்றே கேட்டேனே.'

மாப்பிள்ளை வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றதால் சின்னுவை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். சும்மா படுத்திரு என்றால் கேட்க மாட்டாள். எதையாவது துடைத்தாள், மடித்தாள். என்னிடம் முன்னைவிட ஒட்டிக்கொண்டாள், அதுதான் என்னைக் கொன்றது. நாலாம் நாள் மத்தியானம் நான் காலிக் கொட்டகையில் சுண்ணாம்பு தூவிவிட்டு வந்தேன். துணி துவைக்கும் தொட்டியருகில் அவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் என் பூப்போட்ட ஏப்ரன். அதற்குப் பிறகு கூட்டம் நடக்கவில்லை, அதனால் அது கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கியிருக்கிறது. நான் அதை மறந்தே போனேன்.

அவள் கையில் சிவப்புத் துணி. காய்ந்து சுருண்டு, முடிச்சு இருந்த இடம் கசங்கி, என் பல் பட்ட ஓட்டையோடு.

"அக்கா, இது உன் பையில இருந்தது."

அவள் குரலில் அப்போதுகூடக் கோபம் இல்லை. நான் ஏதாவது சொல்லிவிடுவேன், அதை நம்பிவிடலாம் என்று காத்திருந்தாள். வேறு துணி, வேறு நாள் என்று ஒரு பொய் நாக்கு நுனியில் ரெடியாக நின்றது. இத்தனை பொய்க்குப் பிறகு அது ஒன்றும் பெரிசில்லை. ஆனால் முடியவில்லை.

"நான்தான் அவுத்தேன். வந்தவங்க கேட்டாங்க, வெக்கமா இருந்தது. திரும்பக் கட்ட மறந்துட்டேன்."

அவள் துணியைப் பார்த்தாள்.

"நான் குடிச்சது உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ வாயைத் துடைச்சப்பவே."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

விரல் விட்டு எண்ணினாள். அவள் எண்ணுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையெல்லாம் சுண்ணாம்பு எரிந்தது. பின்னால் என் வீட்டுக்காரர் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "அது நான் கட்டின துணி" என்றார், அவ்வளவுதான். திரும்பிக் கொட்டகைப் பக்கம் நடந்துபோனார்.

சின்னு எழுந்தாள். ஏப்ரனைத் தொட்டித் தண்ணீரில் போட்டாள். துணியை மட்டும் எடுத்துக்கொண்டு மெதுவாக, சுவரைப் பிடித்தபடி, தன் அறைக்குப் போனாள். அறைக்கதவின் வெளிக் கைப்பிடியில் அந்தத் துணியைச் சுற்றினாள். இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்துச் சரிபார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாளும் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனது என் வீட்டுக்காரர். கைப்பிடியைத் தொடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவளே திறந்து வாங்கிக்கொள்வாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளை வந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது நான் அடுப்படி வாசலில்தான் நின்றிருந்தேன். மாமாவிடம் "வரேன் மாமா" என்றாள். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஆடு இல்லை, கூட்டம் இல்லை. அந்த அறையை நாங்கள் திறக்கவில்லை. போன வாரம் என் வீட்டுக்காரர் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். அந்தக் கதவு வந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு முடிச்சில் கை வைத்தார்.

"உள்ளேயும் அடிச்சுடலாமே. அவுக்கட்டுமா?"

"நீங்க கட்டினதா அது?" என்று கேட்டேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.